பூட்ஸுக்குள் சிரித்த ஆபீசர்

எல்லாக் குழந்தையும் அழுதுகொண்டே பிறக்கும், இவன் மட்டும் சிரித்துக்கொண்டே பிறந்தான் என்று அவனுடைய அம்மா கடைசிவரை சத்தியம் பண்ணினாள். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் சின்னப் பையனாக இருந்தபோது அவன் ஒரு சாவு வீட்டில் சிரித்ததைத் தெருவே பார்த்தது. அதற்கு யாரும் சத்தியம் பண்ண வேண்டியதில்லை.

செத்துப்போனவர் அவன் அப்பாவின் நல்ல வாடிக்கைக்காரர். அப்பா தையல்காரர். தெருமுனையில் ஒரே ஒரு தையல் மிஷின் வைத்து, ஊரில் பாதி ஆம்பளைகளுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர். அன்றைக்குச் செத்தவரின் மைத்துனர் துக்கம் தாங்காமல் குனிந்து, பிணத்தின் காலைத் தொட்டார். தொட்டதும் பின்பக்கம் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கால்சட்டை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்துவிட்டது. அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். இவன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். அந்தக் கால்சட்டையைத் தைத்தது அப்பாதான் என்பது அதற்கு மேல் கொடுமை.

காதைப் பிடித்து வீடு வரைக்கும் இழுத்து வந்தார் அப்பா.

“சிரிக்கிறியா? இரு, அந்த வாய்க்கு ஒரு பித்தான் வெச்சுத் தெச்சிடறேன்!”

“நான் வேணும்னு சிரிக்கலப்பா. தானா வருது.”

“தானா வருதா? தும்மலா அது, தானா வர்றதுக்கு?”

பையன் சொன்னது உண்மைதான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிற இடத்துக்கு அவனைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவன் வயிற்றுக்குள் கொதிக்கிற கெட்டிலின் மூடி மாதிரி ஏதோ ஒன்று தடதடக்கும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் பேசும்போது, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லும்போது, புகைப்படம் எடுக்கிறவர் “அசையாதீங்க” என்று சொல்லும்போது, எங்கேயும் இதே கதை. தெருவே அவனுக்கு இளிச்சவாயன் என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயர் அவனுக்கே மறந்துபோயிருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்! ஒருநாள் நாட்டுத் தலைவரின் மாளிகை வாசல் வழியாக அப்பாவோடு போகும்போது, அங்கே காவலுக்கு நின்ற சிப்பாயைப் பார்த்தான். சிவப்புச் சட்டை, வெள்ளைக் கையுறை, கொண்டை வைத்த தொப்பி. அந்த ஆளின் தோளில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. தலையைத் திருப்பி அவர் காதைக் கொத்தியும் பார்த்தது. அந்த மனுஷர் அசையவில்லை. கண் இமைகூட ஆடவில்லை. இளிச்சவாயன் அன்றைக்கும் விழுந்து விழுந்து சிரித்தான்தான். ஆனால் வீடு திரும்புகிற வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

“அப்பா, ஒருநாள் நானும் அப்படி நிப்பேன்.”

இந்தத் தடவை சிரித்தது அப்பா. அந்தச் சிரிப்பை அவன் மறக்கவே இல்லை. அவன் வாழ்க்கையில் வேண்டிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உலகமே பார்க்கிற ஒரு நாளில், முகம் கோணாமல் நின்று அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

மீசை அரும்பியதும் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். “போ, அங்க சிரிச்சாச் சுட்டுடுவாங்க” என்று சொல்லித்தான் அப்பா வழியனுப்பினார்.

சுடவில்லை. அதைவிட மோசமாக ஒரு டிரில் மாஸ்டரைக் கொடுத்தார்கள். அவருக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்கு மாதிரி குரல். மைதானத்தின் இந்த மூலையில் நின்று “அட்டென்ஷன்!” என்று கத்தினால், அந்த மூலையில் படுத்திருக்கிற நாய் எழுந்து விறைப்பாக நிற்கும். அவருக்கு ஒரு பழக்கம். ஆளின் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் கத்துவார். கத்தும்போது அவருடைய மூக்குமுடி காற்றில் கொடி மாதிரி பறக்கும். நீங்களே சொல்லுங்கள், இளிச்சவாயன் என்ன பண்ணுவான்?

“என்னடா சிரிப்பு? என் மூஞ்சியில சினிமா ஓடுதா?”

“இல்ல சார்!”

“துப்பாக்கியைத் தலைக்கு மேல தூக்கு! மைதானத்தைச் சுத்து! சிரிப்பு நிக்கற வரைக்கும் சுத்து!”

சுற்றினான். தினமும் சுற்றினான். மற்றவர்கள் அணிவகுப்புப் படித்தார்கள், இவன் ஓட்டம் படித்தான். மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்த வாரத்தில்தான் அந்தச் சங்கதி நடந்தது.

அவனுக்குக் கொடுத்திருந்த பூட்ஸ் ஒரு அளவு பெரியது. உள்ளே விரலை ஆட்டுவதற்கு இடம் இருக்கும். அன்றைக்குச் சங்கு மூக்கோடு மூக்கு வைத்துக் கத்திக்கொண்டிருக்கையில், ஒரு ஈ பறந்து வந்து அவர் வாய்க்குள்ளேயே போய்விட்டது. போன ஈ திரும்பி வரவில்லை. சங்கு ஒரு விழுங்கு விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்தினார். இளிச்சவாயனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு குபுகுபுவென்று கிளம்பியது. செத்தோம் என்று நினைத்தான். பயத்தில் பூட்ஸுக்குள் கால்விரல் எல்லாவற்றையும் இறுக்கி மடக்கினான். அவ்வளவுதான்! தொண்டைக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றது, திரும்பியது, முழங்கால் வழியாக இறங்கிக் கால்விரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே விரல்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. முகம் சுவர் மாதிரி இருந்தது.

சங்கு பயந்துபோனார். “டேய், உடம்பு சரியில்லையா?”

“நல்லா இருக்கேன் சார்!”

“பின்ன ஏன்டா சிரிக்கல?”

அதற்குப் பிறகு அவனை யாரும் பிடிக்க முடியவில்லை. சிரிப்பு வராத ஆள் அசையாமல் நிற்பதில் என்ன பெரிய சாமர்த்தியம்? சிரிப்பு வந்து, அதைக் காலுக்கு அனுப்பிவிட்டு நிற்கிறான் பாருங்கள், அவன்தான் நிற்கத் தெரிந்தவன். இதை யார் மறுத்தாலும் சரி, ஒப்புக்கொள்வதற்கில்லை. மாளிகைக் காவல் படைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் வரிசை முழுக்கப் பார்த்துவிட்டு, கல்லில் செதுக்கியது போல நின்றவனைத்தான் முதலில் கை காட்டினார்கள்.

மாளிகைக் காவல் என்றால் பகட்டு என்று நினைப்பார்கள். அந்தப் பகட்டுக்குப் பின்னால் இருக்கிற பாடு யாருக்குத் தெரியும்? இஸ்திரி போட்ட கால்சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும் என்பதால், அதைப் போட்டபின் உட்காரவே கூடாது. பட்டாள லாரியிலேயே நின்றுகொண்டுதான் போவார்கள். பூட்ஸ் முனையைப் பஞ்சும் மெழுகும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, அதில் முகம் பார்த்து மீசை முறுக்குகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெயிலில் முழங்காலை விறைப்பாக வைத்து நின்றால் மயக்கம் வரும், கண்ணுக்குத் தெரியாதபடி கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வேறு. நாக்கை நீட்டுவார்கள், குரங்கு மாதிரி குதிப்பார்கள். காவல்காரனைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று வருகிறவர்கள் உண்டு. அவன் முகம் அசையவே இல்லை. காலுக்குள் மட்டும் தினமும் கச்சேரி.

ஒருநாள் செருப்புக் கடையில் வேலை செய்கிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி கோழி மாதிரி கொக்கரித்துக் காட்டினாள். இன்னொருத்தி தன் முதலாளி நடக்கிற மாதிரி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கல் அசையவில்லை. “சே, இது ஆளே இல்லடி, பொம்மை” என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. செருப்புக் கடைக்காரியின் கண் வேறெங்கே போகும்? ஆளைப் பார்த்தால் முதலில் காலைத்தான் பார்ப்பாள். அவன் பூட்ஸ் முனையில் அந்த வழவழப்பான தோல் மெல்ல ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டாள்.

கிட்டே வந்து, வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க சிரிக்கிறீங்க.”

அவன் அசையவில்லை.

“இடது கால்ல கொஞ்சம். வலது கால்ல நிறைய.”

அதைக் கேட்டதும் பூட்ஸ் இரண்டும் பூகம்பம் வந்த மாதிரி ஆடின. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பேச முடியாதவனிடம் பேசிப் பேசியே கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். கெட்டிக்காரி! கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது அவன் குனிந்து தன் கால் பக்கம் பார்த்தான். “இன்னிக்கு வாயாலேயே சிரிக்கலாம், பூட்ஸ் போடல” என்றாள் அவள். அப்போதுதான் அப்பாவும் முதல்முறையாக மகன் சிரித்ததற்குத் திட்டாமல் இருந்தார்.

அவளே பிடித்துத் தள்ளி ஆபீசர் தேர்வும் எழுத வைத்தாள். ஒரு தடவை தோற்றான், அடுத்த தடவை தேறினான். தோளில் நட்சத்திரம் ஏறிவிட்டது. இனிமேல் அவன் இவன் என்று சொல்வது மரியாதை இல்லை. அவர் என்றே சொல்வோம்.

ஆபீசரானதும் அவரை எங்கெங்கோ அனுப்பினார்கள். பனி பெய்கிற எல்லையில் இருந்தார், வெள்ளம் வந்த ஊரில் படகு ஓட்டினார். கடைசியில் மாளிகைக் காவல் படைக்கே திரும்பி வந்து, தனக்குக் கீழே இருந்த சிப்பாய்களுக்கெல்லாம் கால்விரல் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அணிவகுப்பு மரியாதைக்குத் தலைமை தாங்கி, வாளை உருவிக்கொண்டு முன்னால் நிற்கிற வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அது மட்டும்தான் பாக்கி. கிடைக்காததற்குக் காரணமும் அப்பாதான்! படைக் கட்டடத்தில் குடும்பங்களுக்கு ஒருநாள் தேநீர் விருந்து வைத்தார்கள். அங்கே வந்த அப்பா, படைத் தலைவரான கர்னலைப் பிடித்து வைத்துக்கொண்டு சாவு வீட்டுக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். டர்ர்ர் சத்தத்தைக்கூட வாயாலேயே போட்டுக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கர்னல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாருமே பார்த்ததில்லை. முகத்தில் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியிருக்கிறார் என்று சிப்பாய்கள் சொல்வார்கள்.

பிறகு ஒருநாள் பக்கத்து நாட்டுத் தலைவி வருகிறார் என்று ஊரே தடபுடலாயிற்று. வழக்கமாகத் தலைமை தாங்குகிற ஆபீசர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். வேறு ஆள் இல்லை. கர்னல் நம்மவரைக் கூப்பிட்டார்.

“இளிச்சவாயன்னு சொல்றாங்களே, அது நீங்கதானே?”

“சின்ன வயசுல சார்.”

“நாளைக்கு ஒரு பல்லு, ஒரே ஒரு பல்லு தெரிஞ்சாலும், நாளன்னிக்கு நீங்க பூட்ஸ் கிடங்குல இருப்பீங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கதான். புரியுதா?”

“புரியுது சார்.”

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தானே மெழுகு போட்டாள். அப்பா கால்சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஓரத்திலெல்லாம் இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவந்தார். சாவு வீட்டு அனுபவம் அவருக்கும் மறக்கவில்லை.

“சிரிக்காம நின்னுடுவியா?” என்றார்.

“நிப்பேம்ப்பா.”

“பாக்கறேன்.”

விடிந்தது. மைதானத்தில் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன, அப்படிக் காற்று. சிப்பாய்கள் வரிசை பிடித்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நம்மவர், கையில் உருவிய வாள். பொதுமக்கள் பக்கத்தில் முதல் வரிசையிலேயே மனைவியும் அப்பாவும். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவள் மட்டும் பூட்ஸைப் பார்த்தாள்.

விருந்தாளி அம்மா வந்து மேடை ஏறினார். தலையில் சல்லடை அகலத்துக்கு ஒரு தொப்பி, அதன் உச்சியில் ஒரு இறகு. நம்மவர் குரல் கொடுத்தார். சங்கு கேட்டிருந்தால் கண்கலங்கியிருப்பார், அப்படி ஒரு குரல்! சிப்பாய்களின் துப்பாக்கிகள் ஒரே சத்தத்தில் நிமிர்ந்தன. அவர் வாளை உயர்த்தி, வாய்க்கு நேரே கொண்டுவந்து, பிறகு முனை தரையைப் பார்க்கத் தாழ்த்தினார். பேண்டு வாத்தியம் தேசிய கீதத்தைத் தொடங்கியது.

அப்போதுதான் காற்று ஒரு வீசு வீசியது.

தொப்பி கிளம்பிவிட்டது! மேடையிலிருந்து பறந்து, தரையில் விழுந்து, வண்டிச் சக்கரம் மாதிரி விளிம்பில் உருண்டது. கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். தேசிய கீதம் ஓடிக்கொண்டிருப்பது பாதியில் நினைவு வந்து விறைத்து நின்றார். தொப்பி நிற்குமா? மறுபடி உருண்டது. அவரும் மறுபடி இரண்டு எட்டு ஓடி, மறுபடி விறைத்தார். கூட்டத்தில் களுக் களுக் என்று சத்தம். தொப்பி உருண்டு உருண்டு, வேறு இடமே கிடைக்காத மாதிரி நேரே நம்மவரிடம் வந்து, தாழ்த்திப் பிடித்திருந்த வாளின் முனையில் மாட்டிக்கொண்டது.

கீதம் முடிந்தது. முடிந்ததும் வாளை உயர்த்த வேண்டும். அதுதான் ஒழுங்கு. இன்னொருவராக இருந்தால் நின்று யோசித்திருப்பார், தொப்பியை உதறியிருப்பார். இத்தனை வருஷம் பழகிய கை யாரைக் கேட்கும்? அது பாட்டுக்கு வாளை உயர்த்திவிட்டது! வாள் நிமிர்ந்தது, அதன் உச்சியில் தொப்பி, தொப்பியின் உச்சியில் இறகு. காற்றில் அது மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

அவர் வயிற்றுக்குள் கெட்டில் மூடி பறந்தது. சாவு வீடு, மூக்குமுடி, ஈ எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பி வந்த மாதிரி இருந்தது. முன்னால் கர்னலின் கஞ்சி முகம், பக்கத்தில் அப்பாவின் கண், எதிரே பூட்ஸ் கிடங்கின் இருட்டு. பல்லைக் கடித்தால் கன்னம் காட்டிக்கொடுத்துவிடும். இருக்கிற விரல் எல்லாவற்றையும் மடக்கி, சிரிப்பு மொத்தத்தையும் கீழே தள்ளினார். பின்னால் வரிசையில் ஒரே சத்தம்: கறுக், கறுக், கறுக். அத்தனை சிப்பாய்களின் பூட்ஸும் சிரித்துக்கொண்டிருந்தன!

அடுத்த வேலை விருந்தாளியிடம் போய், மரியாதை அணி தயார் என்று சொல்வது. அணிவகுப்பு நடையில், தொப்பியை உச்சியில் தூக்கிக்கொண்டே போனார். மேடைக்கு முன்னால் ‘டக்’ என்று நின்றார். முறைப்படி வாளை வாய்க்கு நேரே கொண்டுவந்து, முறைப்படி தாழ்த்தினார். வாள் தாழ்கிற வழியில் தொப்பி அந்த அம்மாவின் கைக்கு நேரே வந்தது.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்! தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மைதானமே கைதட்டியது. அது முன்கூட்டியே யோசித்துச் செய்த மரியாதை என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. சுத்தப் பொய். கை செய்தது, அவர் அதன் கூடப் போனார், அவ்வளவுதான்.

வரிசையைப் பார்வையிடும்போது, அடங்காத அந்தக் கறுக் கறுக்கைக் கேட்டு விருந்தாளி நின்றார். “அது என்ன சத்தம்?” என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார்.

“புது பூட்ஸ், மேடம்” என்றார் நம்மவர். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

விருந்தாளி போனதும் கர்னல் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். பல் தெரியவில்லைதான். ஆனால் ஊரே சிரித்ததே! மேஜைக்கு முன்னால் போய் விறைத்து நின்றார்.

“தொப்பியைத் தூக்கச் சொல்லி எந்த ஆர்டர்ல இருக்கு?”

“எதுலயும் இல்ல சார். உதறிப் போடச் சொல்லியும் ஆர்டர் இல்ல சார்.”

“வெளிநாட்டுத் தலைவியோட தொப்பியைக் குச்சியில மாட்டின காத்தாடி மாதிரி மைதானம் பூராத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க.”

“ஆமாம் சார்.”

“சுத்தினது வேற.”

“அது காத்து சார்.”

கர்னலின் முகம் எப்போதும் போல இஸ்திரி கலையாமல் இருந்தது. கிடங்குதான் என்று நம்மவர் முடிவுக்கே வந்துவிட்டார். அப்போது அறைக்குள் எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது. கறுக். கறுக். தன் பூட்ஸ் இல்லை, அவர் விரல் பயத்தில் மரத்துப் போயிருந்தது. அட்டென்ஷனில் நிற்கும்போது கண்ணைத் தாழ்த்தக் கூடாது. இருந்தாலும் தாழ்த்தினார். மேஜைக்கு அடியில் கர்னலின் பூட்ஸ் முனை இரண்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

கர்னலும் அவர் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

“புது பூட்ஸ்” என்றார்.

“தெரியுது சார்.”

“அடுத்த மாசம் இன்னொரு விருந்தாளி வர்றார். அணிக்கு நீங்கதான். போகலாம்.”

வெளியே வாசலில் அப்பா நின்றிருந்தார். கிட்டே வந்து மகனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கால்சட்டையின் பின்பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார்.

“பிரியல” என்றார். இன்னொரு தடவை தடவிவிட்டு, “நின்னுட்டியேடா” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் அந்த வாள் வேறு கைக்குப் போகவில்லை. அது கிடக்கட்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, கர்னல் சொன்னதை மனைவியிடம் சொன்னார்.

“புது பூட்ஸா? எங்க கடையிலதான் வாங்கினார். நானே அளவு பாத்துக் குடுத்தேன். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி” என்றாள் அவள்.

பூட்ஸ் கையில் இருந்தது, கால் வெறுங்கால். சிரிப்பு போவதற்கு வேறு இடம் இல்லை. அடுத்த அறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அப்பா, “பித்தான் எடுக்கட்டுமா?” என்று கத்துகிற வரைக்கும் சிரித்தார்.